சுக்லாஜி வாட்சைக் கழற்றிய விதம்

போன மாதம் மயூர் விஹாரில் இருக்கும் என் ஃபிளாட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. இருவருக்கும் முப்பதைத் தாண்டியிருக்காது. நான் வேலை பார்த்த டெல்லி தொலைக்காட்சி நிலையத்தில் எழுபதுகளில் ஓடிய ‘கவுண்டர் நம்பர் ஏழு’ என்ற ஹிந்தி நகைச்சுவைத் தொடரைப் பற்றி ஏதோ எழுதப் போகிறார்களாம். எண்பதுகளில் அதையே கலரில் மறுபடி எடுத்தார்கள். “பழசு அளவுக்குப் புதுசு இருந்ததா அங்கிள்? ரெண்டையும் முழுசாப் பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான்னு சொல்றாங்க” என்று அந்தப் பெண் கேட்டாள். காப்பி கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன், முழங்கால் வலியைப் பற்றி விரிவாகச் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால்கனிக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், பேப்பரை எடுக்கிறேன், வைக்கிறேன். ஓய்வு பெற்ற தமிழ் ஊழியர்கள் நாங்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறோம். அதற்கு எழுதச் சொல்லி இரண்டு வருஷமாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறார்கள். சரி, இதையே எழுதிவிடுகிறேன். எழுத்து என்றால் நடுவில் யாரும் குறுக்கே கேள்வி கேட்க முடியாது.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். பெயர் வேலுச்சாமி, டெல்லிக்கு வேலு. பரீட்சை எழுதினேன், உத்தரவு வந்தது, ரயில் ஏறினேன். டேப் லைப்ரரியில் உதவியாளர் வேலை. பயிற்சி என்று ஆறு வாரம் என்னென்னவோ சொல்லிக் கொடுத்தார்கள், பாதி ஆங்கிலத்தில், மீதி ஹிந்தியில். ஆங்கிலம் பாதி புரிந்தது. ஹிந்தி சுத்தமாகப் புரியவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால்கூடக் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்த்தான் காட்டுவேன்.

எனக்கு மேலதிகாரி விஸ்வநாதன் சார். கும்பகோணத்துக்காரர். ஆபீசுக்குள் தமிழில் ஒரு வார்த்தை பேச மாட்டார். என்னை ‘மிஸ்டர் வேலு’ என்பார், ஆங்கிலத்தில் உத்தரவு போடுவார். சாயங்காலம் ஐந்தரைக்கு சார்ட்டர்ட் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததும் ‘ஏண்டா வேலு, சாப்பிட்டியா’ என்று ஆரம்பிப்பார். பஸ் படிக்கட்டில் கால் வைக்கும் வரை நான் மிஸ்டர், வைத்த பிறகு டா. ஒருநாளும் இந்த இரண்டும் அவருக்குக் கலந்து வந்ததில்லை.

அவருக்கென்று சில விதிகள் இருந்தன. டேப் ஓடும்போது அதைப் பார்க்கிறவன் உட்காரக் கூடாது என்பது முதல் விதி. உட்கார்ந்தால் கண் சொக்கும், டேப் பழுதால் படத்தில் வெள்ளைக் கோடு விழுந்ததைத் தவற விடுவான் என்பார். ஒளிபரப்புக்கு முன்னால் ஒவ்வொரு டேப்பையும் முழுக்க ஓட்டி, எந்த நிமிஷம் எந்த நொடியில் கோடு விழுந்தது என்று எழுத வேண்டும். அது என் வேலை. கம்பளிச் சட்டை போட்டால்தான் தாங்கும் அளவுக்குக் குளிரூட்டிய அறை, தனியாக நான், நின்றபடி. இப்படித்தான் ‘கவுண்டர் நம்பர் ஏழு’ ஒன்று விடாமல் பார்த்தேன். பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் சொந்த வீட்டில் டி.வி. வாங்கி வைத்தபோதும் சுவரோரம் நின்றுதான் பார்ப்பேன்.

இரண்டாவது விதி டேப்பை அழிப்பது பற்றியது. அந்தக் காலத்தில் டேப் இரண்டங்குல அகலம். ஒரு சுருள் அம்மிக்கல் கனம் கனக்கும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சரக்கு, எப்போதும் பஞ்சம். அதனால் நேற்றைய செய்தியை அழித்துத்தான் இன்றைய செய்தியைப் பதிவோம். அழிப்பதற்கு டீகாஸர் என்று ஒரு மெஷின், பெரிய காந்தம். கையில் வாட்ச் இருந்தால் நின்றுவிடும். ஆகவே நான் வாட்சைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, ஜன்னல் விளிம்பில் வைப்பேன். அது அங்கேயே இருக்கிறதா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பேன், அப்பா வாங்கிக் கொடுத்த வாட்ச். பிறகு மேஜையை உள்ளங்கையால் துடைத்து, சுருளை வைத்து, ஸ்விட்ச் போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். உதட்டுக்குள் தமிழில் முப்பது வரை எண்ணுவேன். திருப்பிப் போட்டு மறுபடி முப்பது. கடைசியில் ஸ்விட்சை அணைக்காமல் சுருளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, சன்னதியிலிருந்து வருகிற மாதிரி முதுகைக் காட்டாமல் பின்னாலேயே ஏழெட்டு அடி நடக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிட்டத்திலேயே ஸ்விட்சை அணைத்தால் டேப்பில் ‘தொப்’ என்று ஒரு சத்தம் தங்கிவிடும். விஸ்வநாதன் சார் கதவோரம் நின்று என் கால்களைத்தான் பார்ப்பார்.

தொடருக்கு வருகிறேன். அது ஒரு சர்க்கார் ஆபீஸ் கவுண்டர் கதை. குமாஸ்தாக்கள், ஒரு தலைமை குமாஸ்தா, வாரம் ஒரு சிக்கலோடு வரும் பொதுஜனம். எல்லோரும் படபடவென்று பேசுவார்கள், எனக்கு ஒன்றும் விளங்காது. சுக்லாஜி என்ற ஸ்டோர் குமாஸ்தா மட்டும் விதிவிலக்கு. அவர் பேச்சில் வார்த்தை குறைவு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் உத்தரத்தைப் பார்த்து ‘வோ… வோ…’ என்று இழுப்பார், ஹிந்தியில் ‘அது… அது…’ என்று அர்த்தம். மீதியைக் கையால் சொல்வார். தலையை ஆட்டினால் ஆமாவா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஒரு பைலைக் கொடுக்க மூன்று தடவை சரிபார்ப்பார். அந்தத் தொடரில் எனக்குப் புரிந்த ஒரே ஆள் அவர்தான். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பேன். ஊரை விட்டு வந்து அந்த ஒரு வருஷத்தில் நான் சிரித்தது அங்கே நின்றுதான்.

அப்போது லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு ஓர் அறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கூடினால் சுக்லாஜி மாதிரி நடித்துக் காட்டச் சொல்வார்கள். நடிப்பேன். மாடி வீட்டு மாமி சிரித்துச் சிரித்து, “கொஞ்சம்கூட வித்தியாசமே இல்லைடா, அச்சா நீ பண்றது அவனைவிட நன்னாவே இருக்கு” என்பாள். எனக்கு நடிப்புத் திறமை இருக்கிறது என்று அந்த வருஷம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

சுக்லாஜியாக நடித்தவர் ஹர்பன்ஸ். பகலில் கரோல் பாகில் ஒரு புடவைக் கடையில் வேலை, சாயங்காலம் நாடகம். ஷூட்டிங் நாட்களில் ஓய்வு கிடைத்தால் நேராக என் அறைக்கு வந்து மூலையிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். கையில் டீ கிளாஸ். நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இவ்வளவு பெரிய நடிகர் என்னிடம் இத்தனை பிரியமாக இருக்கிறாரே என்று ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன்.

தொடர் முடிந்த சில மாதங்களில் டேப் பஞ்சம் முற்றிவிட்டது. அழிக்க வேண்டிய நிகழ்ச்சிகளின் பட்டியலை விஸ்வநாதன் சார் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். முதல் வரியே ‘கவுண்டர் நம்பர் ஏழு, அனைத்தும்’. அதற்குக் கீழே யாரும் சீந்தாத சொற்பொழிவுகள் எத்தனையோ இருந்தன. “சார், இதைக் கடைசியில வச்சுக்கலாமே” என்று ஆபீஸ் என்பதை மறந்து தமிழில் சொல்லிவிட்டேன். “மிஸ்டர் வேலு, ஃபாலோ தி லிஸ்ட்” என்றார். மூன்று நாள் நின்று, எண்ணி, பின்னாலேயே நடந்து, ஒவ்வொன்றாக அழித்தேன். அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஒன்றை மட்டும் அழிக்கவில்லை. பெட்டியின் மேல் லேபிளைக் கிழித்துவிட்டு ‘டெஸ்ட் சிக்னல்’ என்று எழுதி, கீழ்த்தட்டின் கடைசியில் சொருகினேன். மெஷினைச் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்ட் டேப்புகள் அழிப்புப் பட்டியலில் வராது. வேலை போகக்கூடிய தப்பு என்று தெரிந்துதான் செய்தேன்.

பத்து வருஷம் ஓடியது. கலர் வந்தது. கையடக்கமான கேசட் வந்தது. புது டீகாஸரில் கேசட்டை இழுப்பறையில் வைத்து மூடினால் அதுவே அழித்துவிடும், வாட்சைக் கழற்ற வேண்டாம், பின்னால் நடக்க வேண்டாம். விஸ்வநாதன் சார் பெரிய பதவிக்குப் போனார், அவர் நாற்காலிக்கு நான் வந்தேன். புளியங்குடியிலிருந்து கோமதியைக் கட்டிக்கொண்டு மோதி பாக் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனேன். என் ஹிந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆட்டோக்காரனோடு சண்டை போட்டால் வேடிக்கை பார்க்க ஆள் சேரும். ‘நீங்கள் மதராஸியா, நம்பவே முடியவில்லை’ என்று யாராவது சொன்னால் அன்று முழுக்க எனக்கு நல்ல நாள்.

அப்போதுதான் ஒரு விளம்பரக் கம்பெனி பணம் போட, ‘கவுண்டர் நம்பர் ஏழு’ கலரில் மறுபடி வந்தது. பதின்மூன்று வாரம். அதே ஹர்பன்ஸ், அதே சுக்லாஜி. இதை நம்பிக் கடை வேலையை விட்டுவிட்டார். மூன்று பிள்ளைகள் அவருக்கு. முதல் நான்கு வாரம் ஒளிபரப்பானதும் மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்தான், எங்கள் பழைய சுக்லாஜி எங்கே என்று. எனக்கும் அப்படியே இருந்தது. கையை ஆட்டினார், ‘வோ… வோ…’ என்றார், ஒன்றும் ஒட்டவில்லை. கேன்டீனில், பஸ்ஸில், எங்கும் நான் இதைத்தான் பேசினேன். பழசு தங்கம், இது முலாம்.

புதுத் தயாரிப்பாளர் வேறு மாதிரி பேசினார். பழசும் ஒன்றும் பிரமாதமில்லை, ஜனங்கள் அப்போது டி.வி.யில் எது வந்தாலும் வாய் பிளந்து பார்த்தார்கள், ஹர்பன்ஸ் என்றைக்குமே சுமார்தான், அவரைத் தூக்கிவிட்டு ஒரு புது முகத்தைப் போடுகிறேன் என்றார். ஆறாவது பகுதியைப் பார்த்துவிட்டுக் கமிட்டி முடிவெடுக்கும் என்று ஏற்பாடாயிற்று. கமிட்டித் தலைவர் விஸ்வநாதன் சார். பழைய டேப் எதுவும் இல்லாததால் இரண்டையும் பார்த்த சாட்சி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தக் கமிட்டிக்கு எட்டு நாள் முன்பு, ஒரு மத்தியானம் ஹர்பன்ஸ் என் அறைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. அதே ஸ்டூலைத் தேடி எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் ஹிந்தியில்தான் பேசிக்கொண்டோம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“வேலுஜி, பழசு எப்படிப் பண்ணினேன்னு எனக்கே மறந்துபோச்சு. ஒரே ஒரு டேப், எங்கேயாவது ஒண்ணு, மிச்சம் இருக்குமா? ஒரு தடவை பார்த்தா பிடிச்சிடுவேன்” என்றார்.

அவருடைய மூன்று பிள்ளைகளும் என் கண் முன்னால் வந்தார்கள். அதோடு, பத்து வருஷமாக ஒளித்து வைத்த பொக்கிஷத்தை யாரிடமாவது காட்ட வேண்டும் என்ற அரிப்பும் இருந்தது, அதை மறைப்பானேன். கீழ்த்தட்டிலிருந்து ‘டெஸ்ட் சிக்னல்’ பெட்டியை எடுத்து, தூசு தட்டி, இரண்டங்குல டேப்பை ஓட்டக்கூடிய கடைசி மெஷினில் மாட்டினேன். வழக்கம்போல நின்றேன்.

கறுப்பு வெள்ளையில் ஆபீஸ் தெரிந்தது. சுக்லாஜி வந்தார். கையிலிருந்த வாட்சைக் கழற்றினார். கைக்குட்டையில் சுற்றினார். ஜன்னல் விளிம்பில் வைத்தார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மேஜையை உள்ளங்கையால் துடைத்து, பைலை வைத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ரப்பர் ஸ்டாம்பு குத்தினார். பிறகு பைலை நெஞ்சோடு அணைத்தபடி பின்னாலேயே நடந்து போனார். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தலைமை குமாஸ்தா ஏதோ சொன்னார். அந்த இடத்தில் நான் முன்பெல்லாம் சுக்லாஜியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பேன், தலைமை குமாஸ்தா சொல்வது எனக்குப் புரிந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. “எந்த ரயில்காரன் இவரை இங்கே இறக்கிவிட்டுப் போனான்? திரும்ப ஏற்றிக்கொண்டு போக யாருமே வரமாட்டார்களா?” என்றார். மறுபடி சிரிப்பு, கைதட்டல். சுக்லாஜி புரியாமல் தானும் சேர்ந்து சிரித்தார்.

நான் ஹர்பன்ஸ் பக்கம் திரும்பினேன். அவர் கண் திரையில் நிலைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை, புடவையில் சாயம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி.

“உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சிருந்தேன்” என்றார். பிறகு மெல்ல, “நீங்க மாறிட்டீங்க வேலுஜி. அதான் எனக்கு வரலை. ஒரே ஒரு தடவை, அப்போ மாதிரி நடந்து காட்டுங்களேன்” என்றார்.

மெஷினை நிறுத்தினேன். வெளியே போகச் சொன்னேன். சொன்ன ஹிந்தி சுத்தமான ஹிந்தி, அதில் ஒரு ‘வோ’ கிடையாது. அவமானமாக இருந்தது. அந்த ஆள் என்னைக் கேலி செய்ததுகூடப் பெரிதில்லை. வாரா வாரம் நானே நின்று என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் சேர்த்து நடித்தும் காட்டியிருக்கிறேன். மாடி வீட்டு மாமிக்குத் தெரிந்திருக்குமோ என்று நினைத்தபோது காது சுட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் விஸ்வநாதன் சார் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

“சார், சுக்லாஜி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் பேப்பரை நான்காக மடித்தார். “ஸ்டேஷன் பூரா தெரியும்டா” என்றார்.

“எங்கிட்ட ஏன் சார் சொல்லல?”

“நீ சிரிச்சிண்டிருந்தே. வந்த புதுசுல பேயறைஞ்ச மாதிரி மூஞ்சிய வச்சிண்டிருப்பே. அந்த மெஷின் முன்னால நின்னாத்தான் நீ சிரிப்பே. அதை நான் எப்படிடா கெடுக்கறது?”

“அதான் லிஸ்ட்ல முதல்ல போட்டு அழிச்சீங்களா?”

“டேப் பஞ்சம் நெஜம். ஆனா எதை முதல்ல எழுதறதுங்கறது என் இஷ்டமா இருந்துது. என்னைக்காவது நீ ஹிந்தி கத்துப்பே. அன்னிக்கு இது இருக்கப்படாதுன்னு தோணித்து, எழுதிட்டேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த டெஸ்ட் டேப் இன்னும் கீழ்த்தட்டுலதானே இருக்கு? பத்து வருஷமா யாருமே கேக்காத டெஸ்ட் டேப்” என்றார்.

பத்து வருஷமாக யார்மேல் கோபமாக இருந்தேனோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

வீட்டில் கோமதி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

“என்ன, வந்ததுலருந்து அங்கிட்டும் இங்கிட்டும் அலையிய? செத்த உக்காருங்க.”

உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

“இப்ப அந்தக் கமிட்டில நீங்க என்ன சொல்லணும்?”

“பழசு நல்லா இருந்துச்சு, அந்தாளு நல்ல நடிகர்னு சொன்னா அவரு நிப்பாரு. ஒண்ணும் சரியில்லன்னு சொன்னா நாளைக்கே அனுப்பிருவாங்க. என்னை மறுத்துப் பேச அங்க ஆளே கிடையாது.”

“அந்தாளு நல்லாப் பண்ணுனாரா இல்லியா?”

“பண்ணுனாரு.” நடையை நிறுத்தினேன். “அச்சு அசலா நான்தான்.”

“பொறவு என்ன? அவரு மேல கோவம் வந்தா அவருகிட்ட சண்ட போடுங்க. அவரு புள்ளைய சோத்துல ஏன் கைய வைக்கிய?” என்று சொல்லிவிட்டு, உரித்த தோலை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் ஹர்பன்ஸுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து கதவருகே தயங்கி நின்றார். ஸ்டூலைக் காட்டினேன். “பாருங்க” என்று சொல்லிவிட்டு நடந்தேன். தலையை ஆட்டினேன், உத்தரத்தைப் பார்த்து ‘வோ… வோ…’ என்றேன், கையைக் குவித்துத் தண்ணீர் கேட்டேன், பின்னாலேயே நடந்தேன். வியர்த்து ஊற்றியது. ஹர்பன்ஸ் முதலில் உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு முகம் வாடிவிட்டது.

“வேண்டாம், விடுங்க வேலுஜி” என்றார். “நீங்க உங்களை மாதிரிப் பண்ணலை. என்னை மாதிரிப் பண்றீங்க.”

அவர் எழுந்து போய்விட்டார். அந்த வார்த்தையோடு அறைக்குள் இருக்க முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. கோபமா, வெட்கமா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. இந்தச் சனியன் இருக்கும் வரை நிம்மதி இல்லை என்று ‘டெஸ்ட் சிக்னல்’ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். பழைய டீகாஸர் அங்கே துணி போர்த்திக் கிடந்தது. இரண்டங்குலச் சுருள் புது மெஷினில் நுழையாது, இதில்தான் அழிக்க வேண்டும்.

செய்தேன். வேறெதுவும் நினைக்காமல் செய்தேன். கடைசி முப்பதை எண்ணி முடித்து, சுருளைத் தூக்கி, பின்னால் நடந்து, தூரத்து மேஜையில் வைத்தேன். ஸ்விட்சை அணைக்கத் திரும்பினபோது கதவில் ஹர்பன்ஸ் நின்றுகொண்டிருந்தார். மறந்து விட்டுப்போன மஃப்ளருக்காகத் திரும்பி வந்தாராம். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. அவர் கண்கள் ஜன்னல் விளிம்பில் இருந்தன. கைக்குட்டையில் சுற்றி, என் வாட்ச் அங்கே இருந்தது. நான் அதைக் கழற்றியதே எனக்கு நினைவில்லை.

அவர் கிட்டே வந்தார். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். மஃப்ளரை எடுக்காமலே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆறாவது பகுதி ஷூட்டிங். அடுத்த வாரம் கமிட்டி அதைப் பார்த்தது. தயாரிப்பாளர் சபாரி சூட்டில் முன்வரிசையில் இருந்தார், நான் சுவரோரம் நின்றேன். ஹர்பன்ஸின் சுக்லாஜி இந்தத் தடவை யாருக்காகவும் நடித்துக் காட்டவில்லை. கோபத்தில் உதடு துடிக்க, ஒரு பைலை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, அதைக் கிழிக்க மனமில்லாமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். முதலில் சிரித்தவர் தயாரிப்பாளர்தான்.

விஸ்வநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மிஸ்டர் வேலு, ஒரிஜினலோடு ஒப்பிட்டால் எப்படி?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“குறைவில்லை சார்” என்றேன். “பழைய ஆள் அப்படியே இருக்கிறார்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். குறித்துக்கொண்டார். ஹர்பன்ஸ் பதின்மூன்று வாரமும் நடித்தார். மற்ற பகுதிகள் பழசுக்குக் கிட்டே வந்தன என்று சொல்ல மாட்டேன், அந்த ஒன்றுதான். அதற்கு மேல் நீட்டிக்கவில்லை. பிறகு அவருக்கு வேறு தொடர்களில் சின்னச் சின்ன வேஷங்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. என் அறைக்கு அவர் அதற்கப்புறம் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

போன மாதம் வந்த அந்தப் பெண் போகும்போது, “பழசுல ஒரு டேப்கூட இல்லையே அங்கிள், யார் அழிச்சாங்களோ” என்று வருத்தப்பட்டாள். நான்தான் அம்மா. முதலில் மேலதிகாரி சொல்லி அழித்தேன், கடைசியில் யாரும் சொல்லாமலே அழித்தேன். மாடி வீட்டு மாமி அன்று சிரித்தாளே, அது மாதிரி எத்தனை வீட்டில் சிரித்திருப்பார்கள். அதையெல்லாம் என் வெட்கத்துக்காகத் துடைத்துவிட எனக்கு என்ன உரிமை இருந்தது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். பதில் கிடைத்தால் இப்படி நடையாய் நடக்க மாட்டேன்.

ஆறாவது பகுதி ஒளிபரப்பான அன்று மோதி பாக் வீட்டில் நானும் கோமதியும் இருந்தோம். அவளுக்கு ஹிந்தி காய்கறிக்காரனோடு நின்றுவிடும், சீரியல் பார்க்க மாட்டாள். அன்று வந்து பாயில் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போலச் சுவரோரம் நின்றேன்.

சுக்லாஜி வந்தார். வாட்சைக் கழற்றினார். அவள் சிரிக்க ஆரம்பித்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“இந்த ஒரு ஆளு பேசுததுதான் எனக்குப் புரியுது” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய்விடலாம் என்று காலை எடுத்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“நம்ம கல்யாணத்துக்கு முந்தி, இங்க தனியாக் கெடந்தப்ப, இப்படித்தான் இருந்தியளா?”

“ஆமா” என்றேன்.

பின்னாலேயே நடந்து போகிற அந்த ஆளை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்ல மனுசனாத்தான் இருந்திருக்கிய” என்று சொல்லி, பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

நான் உட்கார்ந்தேன். முடியும் வரை எழுந்திருக்கவில்லை.